பேட்டரி தீர்ந்த பாட்டு

என் குரல் சரணத்தை முடித்துவிட்டது. என் வாய் இன்னும் முடிக்கவில்லை.

எடிட்டிங் அறையின் சின்ன டி.வி.யில் நான் சங்குமுகம் கடற்கரையில் நின்று பாடிக்கொண்டிருந்தேன். பாட்டு நின்ற பிறகும் உதடு அசைந்தது, தலை ஆடியது, கை காற்றில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கிட்டாரோடு நின்ற அனூப், எல்லாம் முடிந்து இரண்டு விநாடி கழித்து, நிதானமாகக் கடைசித் தந்தியை மீட்டினான்.

எடிட்டர் சேட்டன் டேப்பை நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். மறுபடியும் அதே கூத்து.

“பாட்டு ஓடுன்னு. நிங்ஙள் நடக்குன்னு,” என்றார் அமைதியாக. பாட்டு ஓடுகிறதாம், நாங்கள் நடக்கிறோமாம்.

திருவோணத்தன்று மதியம் ஒளிபரப்பு. கையில் இருந்தது நான்கு நாள். டி.வி.யில் வரப்போகிற எங்கள் முதல் பாட்டு. அனூப் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

இத்தனை வருடப் பொய்

“தொடங்கும்போது ஓடி, போகப் போக வேகம் குறைந்து, கடைசியில் நடந்து முடிகிற மாதிரி ஒரு பாட்டை எப்படி யோசித்தீர்கள்?”

இந்தக் கேள்வியை எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்! நானும் சளைக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன். ஒரு பேட்டியில், கரைக்கு வந்து களைத்துத் திரும்பும் அலையின் நடை அது என்றேன். இன்னொன்றில், அவசர வாழ்க்கைக்கு எதிரான என் கலகம் என்றேன். ஒரு பெண்கள் கல்லூரியில் இதைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். பிள்ளைகள் குறிப்பு எடுத்தார்கள். பாவம், அந்த நோட்டையெல்லாம் கிழித்துப் போடச் சொல்லுங்கள்.

எங்கள் தெருவில் கச்சேரி ஒன்று விடாமல் கேட்கிற மாமா ஒருத்தர் இருந்தார். சினிமாப் பாட்டு என்றாலே முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவரே என்னை வழிமறித்து, “காலப்பிரமாணத்தை என்னமா இறக்கறே! இதுக்கு ஞானம் வேணுமாக்கும்,” என்றார். நான் தலையைக் குனிந்து அடக்கமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என் காதைப் பிடித்துத் திருகத் தோன்றுகிறது.

உண்மை இதுதான். ரேடியோவும் டேப்பும் சேர்ந்த டூ-இன்-ஒன் பெட்டியில் பேட்டரி தீர்ந்துபோயிற்று.

அவ்வளவுதான் என்று நிறுத்தினால் அதுவும் அரைப் பொய். தாஸைப் பற்றிச் சொல்லாமல் இது முழுசாகாது.

மூன்று பேர், ஒரு வண்டி

தொண்ணூறுகளின் பின்பாதி. வருடத்தைக் கேட்காதீர்கள், எனக்குக் கணக்கு வராது. நாங்கள் மூன்று பேர். நான், கோட்டைக்குள் அக்ரகாரத் தெருவில் பிறந்து, பாட்டும் வீணையும் கற்றுக்கொண்டு, ரேடியோவில் கேட்ட பாப் பாட்டால் கெட்டுப்போனவள். அனூப், என் கல்லூரித் தோழன், சுத்த மலையாளி, கிட்டாரைத் தூங்கும்போது மட்டும் கீழே வைப்பவன்.

மூன்றாவது ஞானதாஸ். நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம். ஞாயிறு காலை கிறிஸ்தவ சபையில் டிரம் வாசிப்பான். மற்ற நாட்களில் சாலைக் கடைத்தெருவில் ஒரு இரும்புச் சாமான் கடையில் வேலை. கடை மூடியதும் எங்களோடு ஒத்திகை. எங்கள் கோஷ்டிக்குப் பழவங்காடி எக்ஸ்பிரஸ் என்று பெயர் வைத்தது அவன்தான். மூன்று பேர் இருந்துகொண்டு எக்ஸ்பிரஸ் என்றால் எப்படி என்று கேட்டதற்கு, “எஞ்சின் ஒண்ணு போதும்லா,” என்றான்.

எந்த நிகழ்ச்சிக்கு முன்னாலும் நான் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் கிளம்புவேன். தாஸ் ரோட்டுக்கு இந்தப் பக்கம் எங்கள் செருப்புக்கும் கிட்டாருக்கும் காவல் நிற்பான். அங்கே எப்போதும் யாராவது தேங்காய் எறிந்துகொண்டே இருப்பார்கள். படார், படார் என்று சத்தம். நான் திரும்பி வரும்போது இவன் விரலால் தொடையில் தட்டிக்கொண்டு, “நாலாவது ஆளு ஒரு பொடி பிந்திட்டாரு, கேட்டியா? இல்லேன்னா நல்ல தாளமாட்டு வந்திருக்கும்,” என்பான்.

அப்படி ஒரு காது. நான் பார்த்த டிரம் வாத்தியக்காரர்களில் அவனுக்குச் சமமாக இன்னொருவரைச் சொல்ல மாட்டேன். இதைப் பிறகு பல மேடைகளில் சொல்லியிருக்கிறேன். சொல்ல வேண்டிய நாளில் சொல்லவில்லை.

ஒரே நிமிடத்தில் ‘சரி’

அந்தப் பாட்டு நான் மெட்டமைத்தது. மலையாளப் பாட்டு. ஒரு பெண் கடலைப் பார்த்து, ஏன் இவ்வளவு தாமதம் என்று சண்டை பிடிக்கிறாள். அன்றைக்கு வேகம்தான் ஃபேஷன். கால் தானாக ஆட வேண்டும், இல்லாவிட்டால் அது பாட்டே இல்லை. நானும் குதிரையை விரட்டுகிற மாதிரி விரட்டியிருந்தேன்.

ஒலிப்பதிவுக்குப் போனோம். தாஸ் ஆட்டோவில் டிரம்மை மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். ஸ்டுடியோக்காரர் அதைப் பார்த்ததுமே முகம் சுளித்தார். இதற்கெல்லாம் மைக் வைக்கவே அரை நாள் ஆகும், எங்களிடம் ரிதம் மெஷின் இருக்கிறது, ஒரு முறை தாளத்தைப் பதிந்துவிட்டால் ஒரு மயிரிழை பிசகாது, வெளியூரில் எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றார்.

அனூப் முறைத்தான். “தாஸ் இல்லாதெ எந்து பாண்டு?” என்றான். அவன் இல்லாமல் என்ன கோஷ்டி என்று.

நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசை. யோசிக்கவில்லை. வெளியூரில் எல்லாரும் செய்கிறார்கள் என்றதுமே எனக்குப் போதை ஏறிவிட்டது. ஒரே நிமிடத்தில், “சரி, மெஷினே இருக்கட்டும்,” என்றேன். “தாஸ், வீடியோவில் நீதானே வாசிக்கப்போறே. உன் முகம்தானே வரும்.”

“செரி,” என்றான் தாஸ். டிரம்மை உறையில் போட்டுக் கட்டினான். கட்டுகிற கயிறு இரண்டு தடவை கைநழுவியது. அதை நான் பார்த்தேன், பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பேட்டரி வாங்கப் போன கதை

வீடியோ எடுப்பதற்கு முந்தின நாள் சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். என் வேலை ஒன்றே ஒன்று. கடற்கரையில் பாட்டை ஒலிக்கவிட வேண்டிய டூ-இன்-ஒன்னுக்கு ஆறு பெரிய பேட்டரி வாங்க வேண்டும். உள்ளே இருந்தவை ஒரு வாரம் ஒத்திகைக்கு உழைத்தவை.

ஓணம் நெருங்கும்போது சாலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். தோளோடு தோள் உரச, வாழைக்குலைக்கும் துணி மூட்டைக்கும் நடுவே நீந்த வேண்டும். நீந்திக்கொண்டே போன என் கண்ணில் ஒரு பட்டன் கடை பட்டது. வெள்ளி நிறத்தில், ரூபாய் அகலத்துக்கு, நங்கூரம் போட்ட பட்டன்கள். என் கறுப்பு ஜாக்கெட்டுக்கென்றே செய்த மாதிரி இருந்தன. பன்னிரண்டு வாங்கினேன். வீட்டுக்கு வந்து தைத்தேன். கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பேட்டரி என்ற வார்த்தையே நினைவில் இல்லை.

அம்மா வாசற்படியில் நின்று பார்த்தாள். “ஏன்டி, இந்த வெயில்ல இதையா போட்டுக்கப்போறே? பேண்டு வாத்தியக்காரா மாதிரி இருக்காக்கும்.”

“அம்மா, இதுதான் ஸ்டைல்.”

“வேர்த்துக் கொட்டறது ஸ்டைலா? பக்கத்தாத்து மாமி கண்டா என்ன பறைவா?”

எங்கேயோ பனியில் நடுங்குகிறவர்கள் போட்டுக்கொள்ளும் உடையை நாங்கள் ஆவணி வெயிலில் கடற்கரையில் போட்டுக்கொண்டு நின்றோம். அது மட்டும் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்தது தெரியுமா! ஜீன்ஸ் போட்டுக்கொண்டு தெருமுனை வரை நடந்தாலே ஜன்னல்கள் திறந்து மூடும். நான் ஊரைத் திருத்தப் பாடவந்தவள் இல்லை. ஆனால் அந்தப் பன்னிரண்டு பட்டனும் ஊருக்கு நான் சொன்ன பதில்தான். முட்டாள்தனமான பதில், இருந்தாலும் என்னுடையது.

கடல்காற்றின் மகிமை

டைரக்டருக்கும் அது முதல் வேலை. பாட்டை வரிசையாகவே எடுப்போம், அப்போதுதான் வெயில் சரியாக ஏறும் என்றார். காலையில் பல்லவி. பத்து மணிக்கு முதல் சரணம். மதியத்துக்கு மேல் இரண்டாவது. டூ-இன்-ஒன்னை மணலில் ஒரு நாற்காலியில் வைத்தோம். அது காலை முதல் பாடிக்கொண்டே இருந்தது.

இப்போது கவனியுங்கள். பேட்டரி இறங்கினால் டேப் மெதுவாக ஓடும். பாட்டும் மெதுவாகும், சுருதியும் இறங்கும். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். அங்கே இருந்தது சங்கீதம் படித்த மூன்று பேர்.

நான் வெறுமனே வாயசைக்க மாட்டேன். கழுத்து நரம்பு அசைந்தால்தான் உண்மையாக இருக்கும் என்று கூடவே பாடுவேன். இரண்டாவது சரணத்தில் ஒரு மேல் ஷட்ஜம் உண்டு. ஒலிப்பதிவில் என்னை மூன்று மணி நேரம் அழவைத்த ஸ்வரம். கடற்கரையில் அது வெண்ணெய் மாதிரி வந்தது. நான் பூரித்துப்போனேன். “அனூப், கேட்டியா? என் குரல் பழுத்துப்போச்சு! கடல்காத்து என்ன செய்யறது பாரு!” என்று குதித்தேன்.

அனூப்புக்கு வேறு கவலை. அவன் கிட்டார் டேப்போடு சேரவில்லை. “உப்புக்காற்றாணு. ஸ்ட்ரிங் எல்லாம் கேறிப்போயி,” என்று முனகிக்கொண்டே, சுருதி ஏறிவிட்டதாக நினைத்துத் தந்திகளைத் தளர்த்தினான். அரை மணி கழித்து இன்னும் கொஞ்சம் தளர்த்தினான். டேப் இறங்க இறங்க, அவனும் விடாமல் இறங்கினான். எனக்கு என் குரல் மேல் அவ்வளவு நம்பிக்கை, அவனுக்குத் தன் கிட்டார் மேல் அவ்வளவு அவநம்பிக்கை. நாற்காலியில் இருந்த பெட்டியை ஒருவரும் சந்தேகப்படவில்லை. இப்படி ஏமாற முறையாக சங்கீதம் படித்திருக்க வேண்டும்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது தாஸ் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்தான். அவன் அம்மா கொடுத்தனுப்பிய முந்திரிக்கொத்து.

“அம்ம ராத்திரி முழுக்க இருந்து செஞ்சா. எனக்க டிரம்மு சத்தம் ஓணத்துக்கு டி.வி.ல கேக்கப்போவுதுன்னு தெரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கா,” என்றான்.

மெஷின் கதையை அவன் வீட்டில் சொல்லவில்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாயில் போட்ட முந்திரிக்கொத்தைத் தண்ணீர் குடித்து விழுங்கினேன்.

மறுபடி எடிட்டிங் அறை

அந்த நான்கு நாளுக்குத் திரும்புவோம். முதலில் படத்தை வேகமாக ஓட்டிப் பார்த்தார் எடிட்டர் சேட்டன். வாய் பாட்டோடு சேர்ந்தது. ஆனால் நாங்கள் பழைய ஊமைப் படத்தில் போலீஸ்காரர்கள் ஓடுகிற மாதிரி துள்ளினோம். அலைகூடப் பயந்து ஓடியது. அனூப் சிரித்துவிட்டு, பிறகு தலையில் கை வைத்துக்கொண்டான்.

மறுபடி எடுக்கலாமா? ஓண வாரத்தில் ஊரில் இருந்த ஒவ்வொரு கேமராவும் ஏதாவது ஒரு மேடைக்கு முன்னால் நின்றது. போதாததற்கு மழை வேறு.

“படத்தை மாத்த முடியாது. அப்போ பாட்டை மாத்தலாம்,” என்றேன். எனக்கே தெரியாமல் வாயில் வந்த வார்த்தை. “கடற்கரையில அந்த வேகத்துலதானே நான் நெசமாவே பாடினேன். என் வாயைப் பார்த்து நானே மறுபடி பாடறேன். நீ உன் விரலைப் பார்த்து வாசி.”

அனூப் எழுந்து நின்றுவிட்டான். எடிட்டர் சேட்டன் முதல் தடவையாகச் சிரித்தார். ஆஹா, தப்பித்தோம் என்று மறுநாள் காலையே ஸ்டுடியோவுக்கு ஓடினோம்.

அங்கே மெஷின் காலை வாரியது. அதற்குத் தெரிந்தது ஒரே வேகம். எங்கள் படமோ ஒவ்வொரு வரிக்கும் ஒரு பொடி மெதுவாகிக்கொண்டே போகிறது. ஸ்டுடியோக்காரர் இரண்டு ஆவர்த்தத்துக்கு ஒரு தடவை வேகத்தைக் குறைத்துக் குறைத்துப் பதிந்து பார்த்தார். மேடேறும் ஆட்டோ கியர் மாற்றுகிற மாதிரி திக்கித் திக்கிப் போயிற்று. காலை பத்து மணி முதல் சாயங்காலம் வரை போராடிவிட்டு, “இது மனுஷ்யன் செய்யேண்ட பணியாணு,” என்று எழுந்தார். மனிதன் செய்ய வேண்டிய வேலையாம். என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

“நீதான் போய்க் கூப்பிடணும்,” என்றான் அனூப்.

ஆணிக்கும் தாழ்ப்பாளுக்கும் நடுவில்

மறுநாள் கடை திறக்கும் நேரத்துக்கே சாலைக்கு நடந்தேன். வழியெல்லாம் என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். கடையில் நல்ல கூட்டம். தாஸ் தராசில் ஆணி போட்டுக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான், தலையசைத்தான், ஆணியை நிறுத்துக் கொடுத்தான். பிறகு ஒருவருக்குத் தாழ்ப்பாள் எடுத்துக் காட்டினான். அவர் நான்கு தாழ்ப்பாளைத் திறந்து மூடிப் பார்த்தார். நான் நின்றுகொண்டே இருந்தேன். இது எனக்கு வேண்டியதுதான் என்று தோன்றியது.

கடைசியில் வந்தான். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

“மெஷினுக்கு என்ன கேடு?” என்றான்.

“அதுக்கு முடியலை. உனக்குத்தான் முடியும்.” பிறகு, ஒத்திகையில் இல்லாத ஒன்று வந்தது. “அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, தாஸ். அனூப் சொன்னதைக் கேட்டிருக்கணும். மன்னிச்சுக்கோ.”

அவன் கையில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் துணியில் துடைத்துக்கொண்டான்.

“இன்னைக்கு எனக்குப் படத்த மட்டும் காட்டு. பாட்டு வேண்டாம், சத்தமும் வேண்டாம். நாளைக்கு அடிக்கேன்.”

மத்தியானம் முதலாளியிடம் சொல்லிக்கொண்டு வந்தான். எடிட்டிங் அறையில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒலியில்லாத படத்தை ஐந்து தடவை பார்த்தான். என்னையோ அனூப்பையோ பார்க்கவில்லை. திரையில் தன் கைகளை மட்டும் பார்த்தான். விரல்கள் முழங்காலில் ஓடிக்கொண்டிருந்தன. எடிட்டர் சேட்டன் என்னை வெளியே அழைத்து, எல்லாருடைய வாயும் கையும் எங்கேயாவது தடுமாறுகின்றன, இந்தப் பையன் கை மட்டும் ஓரிடத்திலும் தடுமாறவில்லை என்றார். நான் அதைப் பாராட்டாக மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அந்த ஒலிப்பதிவு

மறுநாள் டிரம்முக்கு மைக் வைக்க ஸ்டுடியோக்காரர் சொன்ன அரை நாள் ஆயிற்று. யாரும் முகம் சுளிக்கவில்லை. எங்கள் மூன்று பேருக்கும் நடுவில் ஒரு டி.வி. தாஸ் குச்சியைத் தூக்கினான். திரையில் இருந்த தாஸும் தூக்கினான்.

ஐயோ, அந்த முதல் அடி! திரையில் குச்சி இறங்கிய அதே கணத்தில் அறையில் சத்தம் வெடித்தது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பல்லவியில் பழைய வேகம், பழைய துள்ளல். சரணம் தொடங்கியதும் அவன் எங்களைப் பிடித்து மெல்ல இறக்க ஆரம்பித்தான். எங்கே இறக்கினான் என்று இன்றைக்குக் கேட்டாலும் என்னால் விரல் வைத்துக் காட்ட முடியாது. படியே தெரியவில்லை. நான் திரையில் என் வாயைப் பார்க்க வேண்டியவள். பாதியில் பார்ப்பதை விட்டுவிட்டேன். அவனைக் கேட்டுப் பாடினால் வாய் தானாகச் சேர்ந்தது.

அப்போதுதான் பாட்டு மாறியது. வேகமாகப் பாடினபோது கடலோடு சண்டை பிடித்த அந்தப் பெண், கடைசி வரிகளில் கெஞ்ச ஆரம்பித்தாள். அதே வார்த்தை, அதே மெட்டு. நானே எழுதின மெட்டுக்குள் இப்படி ஒருத்தி இருப்பது எனக்கே தெரியாது. கடைசி அடி விழுந்ததும் ஸ்டுடியோக்காரர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று கை தட்டினார். அனூப் என்னைத் தூக்கிச் சுற்றினான். நான் அழுதுகொண்டே சிரித்தேன். பாதுகாப்புக்கு இரண்டாம் தடவையும் பதிந்தோம், ஆனால் எல்லாரும் கேட்பது அந்த முதல் தடவையைத்தான்.

தாஸ் மட்டும் உட்கார்ந்த இடத்திலிருந்து, “எனக்கு இன்னொரு சாயா கிட்டுமா?” என்றான்.

திருவோணம்

சரியான நேரத்தில் டேப் போய்ச் சேர்ந்தது. திருவோணத்தன்று வீட்டில் அவசர அவசரமாகச் சாப்பிட்டு, அம்மாவின் திட்டை வாங்கிக்கொண்டு, தம்பானூரில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போனேன். அந்தப் பாட்டை நான் தாஸின் வீட்டில் உட்கார்ந்து கேட்க வேண்டும் என்று தோன்றியது.

முன்னறையில் தெருவே இருந்தது. ஓணம் சாப்பிட்டுவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரர்கள், சபைக்காரர்கள், ஜன்னலில் தொங்கிய பிள்ளைகள். தாஸின் அம்மா எனக்கென்று ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டார். “இரி மக்களே. நீதான் பாட்டுக்காரியா? ஒல்லியாட்டு இருக்கியே, இவ்வளவு சத்தம் எங்கேருந்து வருது?”

பாட்டு வந்தது. பிள்ளைகள் கூச்சலிட்டார்கள், பெரியவர்கள் அவர்களை அடக்கினார்கள். என் பன்னிரண்டு பட்டனையும் ஒருவரும் பார்க்கவில்லை. தாஸ் திரையில் வரும்போதெல்லாம் அறை அதிர்ந்தது. முடிந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அவன் அம்மா மட்டும் சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்து, மகனைப் பக்கத்தில் அழைத்தார்.

“லேய் தாசு. டி.வி.ல வாரவன் எல்லாம் சும்மா கையாட்டுவான், சத்தம் வேற எவனுக்கதோன்னு அந்தப் பக்கத்து வீட்டுப் பாஸ்கரன் சொல்லுதான். நெசமாட்டு சொல்லு. இது ஒனக்க அடிதானா?”

ஒரு வாரத்துக்கு முன்னால் இந்தக் கேள்விக்கு அவன் என்ன சொல்லியிருப்பான்?

“ஆமாம்மா,” என்றான் தாஸ். “எல்லா அடியும் எனக்கது.”

அந்த அம்மா அவன் கையை எடுத்து விரல்களைப் பார்த்தார். பிறகு எழுந்து போய் எல்லாருக்கும் பாயசம் ஊற்றினார். பாஸ்கரன் என்பவருக்கு இரண்டு தம்ளர்.

சாயங்காலம் தாஸ் என்னைப் பஸ் ஏற்றிவிட வந்தான். மழை விட்டிருந்தது. எடிட்டர் சேட்டன் சொன்னது திடீரென்று அப்போதுதான் எனக்குள் உறைத்தது. அவன் கை ஓரிடத்திலும் தடுமாறவில்லை என்றால், இறங்குகிற வேகத்தோடு அவனும் தெரிந்தே இறங்கியிருக்கிறான்.

“தாஸ், கடற்கரையிலேயே உனக்குத் தெரிஞ்சுதா?”

“பின்னே? மொத சரணத்துக்கே தெரிஞ்சு.”

“ஏன் சொல்லலை?”

அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். “டிரம்முக்கு மேல துண்டு விரிச்சுப் போட்டாரு டைரக்டரு. சவுண்டு வேண்டா, ஆக்ஷன் மட்டும் மதின்னாரு. நான் அடிக்கேன், எனக்கே கேக்கல்ல. சொன்னா நீங்க புது பேட்டரி போட்டிருப்பிய. எல்லாம் செரியாட்டு வந்திருக்கும். மெஷினு அடிக்கதக் கேட்டு எனக்க அம்ம சந்தோசப்பட்டிருப்பா. அதுக்குப் பாட்டே டி.வி.ல வராண்டாம்னு நெனச்சேன்.”

“எங்க பாட்டு போகட்டும்னா நெனச்சே?”

“ஆமா,” என்றான். “போவட்டும்னுதான்.”

எனக்குக் கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எத்தனை பஸ் போயிற்று என்று தெரியாது.

இதை நாங்கள் இருவரும் அனூப்பிடம் இதுவரை சொன்னதில்லை. இந்த வாரம் எழுதலாமா என்று தாஸுக்குப் போன் செய்து கேட்டேன்.

“அம்ம போயி ரெண்டு வருசமாச்சுல்லா. இனி எழுதிக்கோ,” என்றான். “மெஷினு, பேட்டரி, நான் வாய மூடிட்டிருந்தது, எல்லாம் எழுது. ஆனா அம்ம கேட்டது யாருக்க சத்தம்னு அதையும் சேத்து எழுது.”

எழுதுகிறேன், தாஸ். உன் அம்மா கேட்ட எல்லா அடியும் உன்னுடையது.